நாலு கட்டை டியூபா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
3-2-1969

அன்புள்ள தம்பி குமாரவேலுக்கு, அண்ணி மங்கையர்க்கரசி எழுதுவது.

கடுதாசி என்றால் முதல் வரியில் நலம் என்று போட வேண்டும். போட்டேன். அப்புறம் அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணன் இருந்தவரை அவர்தான் உனக்கு எழுதுவார். ஓரத்தில் இடம் மிஞ்சினால் ‘அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்’ என்று ஒரு வரி எனக்குக் கிடைக்கும். இப்போது முழுக் காகிதமும் எனக்கே.

நீ வராததில் எனக்கு வருத்தம் உண்டு. உண்டானதை இல்லை என்று எழுத மாட்டேன். தந்தி தாமதமாக வந்தது, பட்டாளத்தில் லீவு இல்லை, ஜபல்பூர் எங்கேயோ இருக்கிறது, எல்லாம் புரிகிறது. ஆனாலும் அவரைத் தூக்கும்போது தம்பி எங்கே, தம்பி எங்கே என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். இனிமேல் இதைப் பேச மாட்டேன்.

விஷயம் வாத்தியத்தைப் பற்றி. தறிக்குப் பக்கத்து மூலையில் அவருடைய டியூபா, அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழல், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நூல் இழைக்கும்போது தலையைத் தூக்கினால் அதுதான் கண்ணில் படுகிறது. ஆளே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. வேட்டியைப் போட்டு மூடிப் பார்த்தேன். அது இன்னும் மோசம், உடனே எடுத்துவிட்டேன். ஊதுகிறவன் யாரிடமாவது போய்ச் சேரட்டும் என்று பேண்டு மாஸ்டர் பராங்குசத்துக்குச் சொல்லியனுப்பினேன். தறியில் உட்கார்ந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் உன் அண்ணன் அவர் செட்டில்தானே இருந்தார்.

கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று கிணற்றடியில் வைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். குடம் விளக்குவது போலத்தான். வளைவுக் குழாய்களில் பழைய நூல் அழுக்காகச் சுற்றிக் கிடந்தது, பிளேடு போட்டு அறுத்து எடுத்தேன். சில குழாய்கள் பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் உள்ளே தள்ளி ஒழுங்காகப் பொருத்தினேன். எதிர்வீட்டுக் காந்தா வந்து பார்த்து, “இன்னாக்கா, கோயில் கலசம் மாதிரி ஜொலிக்குது” என்றாள்.

மாஸ்டர் வந்தார். கூடவே சீனிவாசன் என்று ஒருவன், திருப்புட்குழியில் பயிர் வைக்கிற குடும்பம், வேறு ஊர் செட்டில் டியூபா ஊதியவன். அவன் இதை ஊத, மாஸ்டர் கிளாரினெட்டில் சேர்ந்து வாசிக்க, நாலே மூச்சில் நிறுத்திவிட்டார்.

“நிறுத்துப்பா, பல்லு கூசுது. இன்னாமா இது, ஒரு சொரம் இன்னொரு சொரத்தோட சேரமாட்டேங்குது. இத வெச்சிக்கினு உன் வூட்டுக்காரரு எப்டிதான் காலத்த ஓட்டினாரோ. பித்தள எடைக்குத்தாம்மா போவும். பாத்திரக் கடைல போட்டுடு” என்றார்.

எடைக்குப் போவதா எனக்குப் பெரிது? ‘எப்படித்தான் ஓட்டினாரோ’ என்றாரே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. நாளைக்கு செட்டில் எல்லாரும் அதையே சொல்வார்கள், பொய்ச் சுருதியில் ஊதினவர் என்று. மெட்ராசில் மூர் மார்க்கெட்டுக்கு அவரோடு போய் இதைப் பொறுக்கி எடுத்தவன் நீ. நீயும் பட்டாள பேண்டில் டியூபாக்காரன். நல்லதா கெட்டதா, நீ சொல். கெட்டது என்றால் கெட்டது என்றே எழுது. பாத்திரக் கடையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணி


ஜபல்பூர்,
14-2-1969

அண்ணிக்கு வணக்கம்.

அடித்த வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். இங்கேயும் அதே கதைதான். வராதவனுக்கு நீங்கள் கொடுத்த திட்டு குறைச்சல். இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

எனக்கும் ஒரு குறை. அண்ணன் வாத்தியத்தைக் கொடுக்கப் போகிறேன் என்று ஊரில் எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் எனக்குச் சொல்கிறீர்கள். சரி, நானும் சொல்லிவிட்டேன். கணக்கு நேர்.

ஐயோ அண்ணி, அந்த நூல் அழுக்கில்லை! படித்ததும் எங்கள் பட்டாளக் கொட்டடியில் கூட இருக்கிற பஞ்சாபி, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று ஓடி வந்துவிட்டான், நான் போட்ட சத்தத்தில்.

முதலிலிருந்து சொல்கிறேன். அது எஃப் டியூபா. நம் கணக்கில் நாலு கட்டை. பெரிய செட்டுக்காரர்கள் இதைவிடக் கீழே இறங்கிப் பேசுகிற பெரிய உருப்படியைத்தான் தேடுவார்கள். நாலு கட்டையைச் சீந்த ஆளில்லை, அதனால்தான் நம் கைக்கு எட்டியது. தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடக்க இதுவே தோது என்று நான்தான் அண்ணனுக்கு ஓதினேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. இன்னொன்று வாய் நசுங்கியது. அண்ணன் கண் பளபளப்பைவிட்டு நகரவில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இரண்டையும் ஊதினேன். விரலால் அமுக்குகிற வால்வு எதையும் அமுக்காமல் ஊதினால் கீழ் ச, ப, மேல் ச, அதற்கும் மேலே க என்று தானாகப் படியேற வேண்டும். பளபளப்பில் ச ஒரு தெருவில், ப அடுத்த தெருவில். நசுங்கியதில் ச, ப, ச மூன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. க மட்டும் இறங்கியிருந்தது. வால்வை அமுக்காமல் ஸ்லைடை உருவினால், அதுதான் நீங்கள் வளைவுக் குழாய் என்கிறீர்களே அது, ‘டப்’ என்று கழல வேண்டும். காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். நாம் வாங்கிய நசுங்கியது வேட்டு மாதிரி டப் என்றது. வாயில் நசுங்கல் பார்வைக்குத்தான் குறை. காற்று நுழைகிற ஒல்லிக் குழாயில் நசுங்கியிருந்தால்தான் ஓடிவிட வேண்டும்.

மலிவு டியூபாவில் எல்லாச் சுரமும் சரியாக இருக்காது அண்ணி. அதைத் தேடினால் கிடைக்காது. எங்கே தப்புகிறது, அது கையால் இழுத்துத் திருத்தக்கூடிய இடமா, உதட்டால் தூக்கக்கூடிய இடமா, இரண்டுக்கும் எட்டாத இடமா என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் மதிப்பு. நம்முடையது கைக்கும் உதட்டுக்கும் எட்டுகிற வாத்தியம்.

ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளினால் குழாயின் நீளம் குறைந்து சுருதி ஏறிவிடும். எவ்வளவு வெளியே நின்றால் சேரும் என்று அண்ணன் மாசக்கணக்கில் ஊதிப் பார்த்து, நடக்கிற ஆட்டத்தில் உள்ளே நழுவாமலிருக்க அங்கங்கே நூல் சுற்றி அணை கட்டியிருந்தார். நீங்கள் அணையை உடைத்துவிட்டீர்கள். போகட்டும். குழாய் வெளியே நின்ற இடத்தில் கறுத்த கோடு இருக்கும். கோடு வரை இழுத்துவிட்டு, சீனிவாசனை மறுபடி ஊதச் சொல்லுங்கள்.

பாத்திரக் கடைப் பக்கம் கால் வைக்க வேண்டாம்.

குமாரவேல்


பிள்ளையார்பாளையம்,
24-2-1969

அன்புள்ள தம்பிக்கு,

கோடு எங்கே இருக்கும்? புளி போட்டுத் தேய்த்தேன் என்று எழுதினேனே. நான் தேய்த்தால் கோடு நிற்குமா? வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் முகம்தான் தெரிந்தது.

நூல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. இழைக்கக் கொடுத்த பட்டில் அரக்கும் கிளிப்பச்சையும் குறைகிறது என்று அவரோடு எத்தனை சண்டை. “எலிடீ” என்பார். “எலி அரக்கு கலர் பாத்துத் தின்னுமா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். காந்தா மேல்கூடச் சந்தேகப்பட்டேன். பாவம், அவளுக்கு அது தெரியாது. நீயும் எழுதிவிடாதே.

தம்பி, அவருடைய சட்டை வேட்டியெல்லாம் கொடுத்தாயிற்று. செருப்பைக் காந்தா வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு போகிறார். படுக்கையை எரித்தாயிற்று. அவர் கையால் வைத்தது வைத்தபடி இந்த வீட்டில் இருந்தது அந்தக் குழாய்கள் மட்டும்தான் போல. நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியிருக்கிறேன். சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்குச் சாயங்காலம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அழுதேன். வேறு எதற்கும் அவ்வளவு அழவில்லை.

வேறு வழி இருந்தால் எழுது.

ஒன்று ஞாபகம் வருகிறது. உபயோகமா என்று தெரியாது. தறிக்கு எதிர்ச் சுவரில் காமாட்சியம்மன் படம் இருக்கிறதே, சட்டத்தில் கண்ணாடி கொஞ்சம் தளர்ந்தது. அவர் ஊத உட்கார்ந்தால் முதலில் கீழ் ச-வை நீட்டிப் பிடிப்பார். உடனே அந்தக் கண்ணாடி ‘ர்ர்ர்’ என்று அதிரும். சுவரே பேசுவது போல இருக்கும். கண்ணாடியில் காகிதம் செருகுங்கள் என்றால் கேட்க மாட்டார். “அம்மன் சரின்னுட்டா, இனிமே நீ இன்னா சொல்றது” என்பார். வேறு எதற்கும் அந்தக் கண்ணாடி அதிராது. அன்றைக்குச் சீனிவாசன் ஊதியபோதும் அதிரவில்லை. ஆள் மாறினது அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி


ஜபல்பூர்,
7-3-1969

அண்ணி! அண்ணி!

உபயோகமா என்றா கேட்கிறீர்கள்? அந்தக் கண்ணாடிதான் அண்ணனுடைய சுருதிப்பெட்டி. எனக்கே சொல்லாமல் வைத்திருந்தார் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு சுரம் உண்டு, அது வெளியே சரியாகக் கேட்டால்தான் கண்ணாடி கூட அதிரும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சும்மா இருக்கும். அம்மனுக்குச் சீனிவாசன் மேல் கோபமில்லை, ஏறின சுருதி மேல்தான் கோபம்.

படத்தைத் தொடாதீர்கள், துடைக்கக்கூட வேண்டாம். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே சீனிவாசனை உட்கார வையுங்கள். வாய்க்குழாயை அடுத்து வருகிற பெரிய ஸ்லைடை முதலில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கீழ் ச-வை ஊதச் சொல்லுங்கள். கண்ணாடி அதிர்கிற இடத்தில் நிறுத்தி நூல் சுற்றுங்கள். நூல் சுற்ற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அப்புறம் ஒவ்வொரு வால்வையும் அமுக்கி, மாஸ்டர் கிளாரினெட்டோடு சேர்த்துப் பார்த்து, அந்தந்த வால்வின் ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாம்.

க மட்டும் சேராது. எந்த ஸ்லைடை இழுத்தாலும் க தனியாக ஏறாது, எல்லாம் சேர்ந்துதான் நகரும். அது ஊதுகிறவன் உதட்டை இறுக்கித் தூக்க வேண்டிய சுரம். அண்ணன் தூக்கினார், நமக்குத் தெரியவே இல்லை. மாஸ்டரிடம் இதை நீங்களாகச் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அதையே பிடித்துக்கொண்டு மதிப்பைக் குறைப்பார்.

இன்னொன்று. எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுருதி சேர்ந்துவிட்டால் யாருக்கும் கொடுக்க வேண்டாம். எனக்கு வையுங்கள். பட்டாளத்திலிருந்து வந்ததும் நான் ஊதுகிறேன். இங்கே ஊதுவது சர்க்கார் வாத்தியம், விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கடைசியாக வந்தபோது அண்ணன் அதை என் மடியில் வைத்து, “ஊது பாக்கலாம்” என்றார். பயணக் களைப்பு, அப்புறம் ஊதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குமாரவேல்


பிள்ளையார்பாளையம்,
25-3-1969

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாஸ்டர் முதலில் வர மறுத்தார். “செத்த மாட்டுக்கு வைத்தியமாமா?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டி வந்தது. “மனசுல வெச்சிக்காதமா” என்று சொல்லிக்கொண்டே சீனிவாசனோடு வந்தார். காந்தாவும் வந்து நிலைப்படியில் நின்றாள். அவளைக் கூப்பிடவில்லை.

சீனிவாசனை உன் அண்ணன் இடத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான், உடனே எழுந்துகொண்டான். “அண்ணன் எடம்க்கா” என்றான். உட்காருப்பா என்றேன். ஊதினான். படம் பேசாமல் இருந்தது. பெரிய ஸ்லைடை நானே பிடித்துக் கொஞ்சம் இழுத்தேன். ஊதினான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.

“அம்மன் வரம் குடுக்கறதுக்குள்ள என் முகூர்த்தம் முடிஞ்சிடும்மா” என்றார் மாஸ்டர்.

“கம்னு இரு மாஸ்டரே” என்றாள் காந்தா.

ஸ்லைடை மறுபடி பிடித்தேன். ஒரு மயிரிழை இழுத்திருப்பேன். அவன் மூச்சை நீட்டிப் பிடித்தான். ர்ர்ர் என்றது. தம்பி, அந்தச் சத்தம் வந்தவுடன் நான் அடுக்களைப் பக்கம் திரும்பிவிட்டேன், அவர் எப்போதும் “கேட்டியா?” என்று கேட்பார், கேட்கவில்லை என்று சொல்லிக் கிண்டல் செய்வேன், அந்தப் பழக்கத்தில். சீனிவாசன் ஊதுவதை நிறுத்தவே இல்லை. முகம் சிவந்து போயிற்று. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயம் போல. “போதும்பா, செத்துடாத” என்று மாஸ்டர்தான் அவன் தோளைத் தட்டினார்.

பெரிய ஸ்லைடுக்கு அரக்கு நூல் சுற்றினேன். இழை மேல் இழை ஏறாமல், நகத்தால் நெருக்கி. என் நூல்தான், இந்தத் தடவை எலி எடுக்கவில்லை. மற்ற மூன்றையும் மாஸ்டர் கிளாரினெட்டோடு பார்த்து நிறுத்தினோம். அதற்குப் பச்சை. மாஸ்டர் கல்யாணப் பாட்டு ஒன்று எடுத்தார், சீனிவாசன் கீழே தாங்கினான். முடிந்ததும் மாஸ்டர் கிளாரினெட்டைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“இது வாத்தியம்மா. நான் எடைன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். செட்டுக்கே எடுத்துக்கறேன், சீனிவாசன் ஊதட்டும்” என்றார்.

அப்போது நான் க-வைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இரு, கோபப்படாதே. பாட்டில் க வந்த இடமெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது, எனக்கே கேட்டது. சொல்லாமல் கொடுத்தால் நாளைக்கு அவர் கண்டுபிடித்து, பழனி வீட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்பார். பார், அவர் பெயரையே எழுதிவிட்டேன். மாஸ்டர் சொல்வதாக எழுதினது, அதனால் பரவாயில்லை.

மாஸ்டர் உடனே, “க எறங்குதா? அப்ப வெலையும் எறங்கணும்ல” என்றார்.

“அவரு ஊதறப்ப எந்தக் கல்யாணத்துலயாச்சும் எறங்கிச்சா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ஒவ்வொரு கல்யாணமாக. “இல்லமா. ஒரு நாளும் இல்ல. அத்தன வருஷமும் தூக்கிக்கினே ஊதியிருக்கான் மனுஷன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல” என்றார். காந்தா மூக்கை உறிஞ்சினாள். விலையைக் குறைக்கிற பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. ஒரு வாத்தியத்துக்கு என்ன உண்டோ அதைச் சொன்னார்.

எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது தம்பி. இனி யாரும் ‘எப்படித்தான் ஓட்டினாரோ’ என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பதில் சொல்லவில்லை. தம்பியைக் கேட்க வேண்டும் என்று அனுப்பிவிட்டேன். நீ வைக்கச் சொன்னால் வைக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள். நீ பட்டாளத்திலிருந்து வர இன்னும் எத்தனையோ வருஷம். அதுவரை அது மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் இழைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபடியும் புளி போட்டுத் தேய்த்தாலும் தேய்ப்பேன், என்னை நம்பாதே. அன்றைக்குக் களைப்பில் ஊதவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் அதை மனதில் வைக்கவே இல்லை. “தொரைக்குத் தூக்கம், நாளைக்கு ஊதுவான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே ஊதிக்கொண்டார். உனக்கு அது கேட்டிருக்காது, நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணி


ஜபல்பூர்,
8-4-1969

அண்ணிக்கு,

குறட்டையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

க-வைச் சொன்னதற்குக் கோபமில்லை. நான் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

சீனிவாசனிடம் கொடுத்துவிடுங்கள். ஊதாத டியூபாவில் வால்வு ஒட்டிக்கொள்ளும். அதைவிட, நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இழைக்க வேண்டாம்.

வாய்க்குழாய் முனையில் கழற்றி மாட்டுகிற, வாய் வைக்கிற கிண்ணத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். சீனிவாசனிடம் சொந்தக் கிண்ணம் இருக்கும், எல்லா டியூபாக்காரனிடமும் இருக்கும். தேய்க்காமல் அனுப்புங்கள்.

வைகாசியில் லீவு கேட்டிருக்கிறேன். கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டிருக்கிறேன்.

குமாரவேல்


பிள்ளையார்பாளையம்,
2-6-1969

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்தத் தடவை அடிக்கவில்லை.

கிண்ணத்தைத் துணியில் தைத்துப் பார்சல் போட்டேனே, வந்து சேர்ந்ததா? தேய்க்கவில்லை. கை பரபரத்தது, ஆனாலும் தேய்க்கவில்லை. லீவு இல்லை என்றதற்கு வருத்தப்படாதே, ஐப்பசியில் வா.

நேற்று நம் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு. பராங்குசம் செட்டுதான். எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் போகலாமா? கல்யாண ஊர்வலத்துக்கு எதிரில் நான் நிற்கக் கூடாது, இந்த வருஷம் என்றில்லை, இனி எப்போதுமே. கதவை ஒருக்களித்துவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருந்தேன். அவர் இருந்தபோதும் ஊர்வலம் வந்தால் நான் வாசலுக்கு ஓடுவேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார், கன்னம் உப்பியிருக்கும்போது பார்த்தால் சிரிப்பேன் என்று.

டிரம் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் கிளாரினெட். மூலை காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டு நம் வீட்டுக்கு நேரே வந்தபோது சீனிவாசன் கீழ் ச-வைப் பிடித்தான். சுவரில் அம்மன் ர்ர்ர் என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் தெருவில் ஊதுகிறான், இந்தப் பக்கம் என் வீட்டுக்குள் கேட்கிறது. ராட்டினத்தை நிறுத்திவிட்டேன். ஊர்வலம் நம் வாசலிலேயே வெகு நேரம் நின்றது. சீனிவாசன் கேட்டு நிற்க வைத்தானாம், காந்தா அப்புறம் சொன்னாள்.

க இன்னும் இறங்கித்தான் இருக்கிறது. பொறுக்க முடியாமல் காந்தாவைக் கூப்பிட்டு, உதட்டை இறுக்கித் தூக்கச் சொல்லு என்று அனுப்பினேன். அவள் கூட்டத்தில் புகுந்து அவன் காதில் கத்தியிருக்கிறாள். “தூக்கறன்னு சொல்லுக்கா, பழனி அண்ணன் வாயி எங்கிட்ட இருக்குதா இன்னா, கொஞ்ச நாள் ஆவும்” என்றானாம். தெருமுனை திரும்பும்போது ஒரு தடவை தூக்கினான். முழுசாக இல்லை. முக்கால்வாசி.

இன்று காலையில் காந்தா வீட்டுக்காரர் வந்து, “படத்துல கண்ணாடி ஆடிக்கினு இருக்குதும்மா, அட்ட செருகி டைட் பண்ணித் தரட்டுமா?” என்று கேட்டார். உன் அண்ணன் செருப்போடுதான் வந்திருந்தார், வாசலில் கழற்றி வைத்தார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடட்டும்.

அண்ணி
மங்கையர்க்கரசி